பதிமூன்றாவது சாவு

19.11.2007, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. முடிச்சூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடை. கம்பெனி பஸ் போய்விட்டது, மறைமலை நகருக்கு ட்ரெயின்தான். சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பெரிய மனுஷன்.

செய்ய வேண்டியவை:
– குடைக்குக் கம்பி
– கேஸ் புக் பண்ண (அம்மா மூன்று தடவை சொல்லியாச்சு)
– கடைவாய்ப் பல்
– சாதிக் வீடு

நாலாவது மட்டும்தான் நடந்தது. அதையும் தள்ளிப்போடப் பார்த்தேன். வழியிலேயே அவன் உம்மா பார்த்துவிட்டார். கையில் ரேஷன் பை, குடை இல்லை. "முரளி, வீட்டுப்பக்கமே வரமாட்டேங்கிறியே"ன்னு ஒரு கேள்வி. அதற்குமேல் எங்கே போவது.

சாதிக் போய் இன்றோடு முப்பத்து நாலு நாள். பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, யாரோ ஒரு கஸ்டமருக்கு மானிட்டர் மாற்றப் போன வழியில், லாரி. எழுதினால் ஒரு வரிதான் வருகிறது.

வீட்டில் டீ கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார், நானும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்:

"உங்க கேம்ல அவன் குரல் இருக்குதாமே தம்பி? அவனே சொன்னான், உம்மா நான் அதுல பதிமூணு வாட்டி சாவுறேன்னு. அப்படி பேசாதடான்னு அன்னிக்கு கையிலயே ஒண்ணு வெச்சேன்."

"ஆமாம்மா."

"ஞாயித்துக்கெழம நாப்பதாம் நாள் ஃபாத்திஹா. அதுக்குள்ள அவன் குரல ஒரே ஒரு தடவ கேக்கணும். அதான் வேற எதுலயும் இல்லியே."

உண்மையிலேயே வேறு எதிலும் இல்லை. போன் நசுங்கிவிட்டது. அவன் அக்கா கல்யாண சி.டி.யில் வீடியோகாரர் முதல் நிமிஷத்திலிருந்து கடைசிவரை பாட்டைப் போட்டு மூடிவிட்டார். சாதிக் வாயை அசைத்து யாரையோ பந்திக்குக் கூப்பிடுகிறான், குரல் இல்லை. அவன் கம்ப்யூட்டரைப் பத்தாம் நாளே அக்கா மாப்பிள்ளை பார்மட் செய்துவிட்டார், பிள்ளைகள் படிக்க. நல்ல எண்ணம்தான். கேமுக்காக அவன் எழுதிய இரண்டரை வருட வேலை அரை மணி நேரத்தில் காலி.

"தேடிப் பாக்கறேன்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தேட ஒன்றுமில்லை. என்னிடம் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும்.

20.11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பல்வலி விடாமல்.

மாடி ரூமில் கம்ப்யூட்டரைப் போட்டேன், முப்பத்தைந்து நாளுக்கு அப்புறம். 'இராவதிக் கரை' ஐகான் அப்படியே இருக்கிறது. அவன் உட்காரும் ஸ்டூலில் அம்மா வடாம் டப்பா வைத்திருக்கிறாள்.

பேராசை பிடித்த இரண்டு பேர் செய்த கேம். இரண்டாம் உலகப் போர், பர்மா, ஆற்றங்கரை. அக்கரையில் ஜப்பான்காரன், இக்கரையில் நம் ஊர்ச் சிப்பாய். பதினாறு பேர் சேர்ந்து ஆடலாம். ஆளுக்கு ஒரு துப்பாக்கி, அந்தத் துப்பாக்கி முனைதான் ஆளுக்குத் தெரியும் உலகம். புரோகிராம் எல்லாம் அவன். படமும் சத்தமும் நான். பர்மாக் காடு என்று நான் வைத்திருப்பதெல்லாம் வண்டலூர் மரம். இராவதி ஆறு, நிரம்பிய முடிச்சூர் ஏரி. சாகிறவன் எல்லாரும் சாதிக்.

சாவுச் சத்தம் பிடித்தது இதே ரூமில்தான். ஜன்னலில் மெத்தை, தலைமேல் போர்வை, நடுவில் மைக். ட்ரெயினுக்கும் ட்ரெயினுக்கும் நடுவில் பத்து நிமிஷம் கிடைக்கும். அதில் ஏர்போர்ஸ் பயிற்சி விமானம் தலைக்குமேல் சுற்றாத நேரம் நாலு நிமிஷம். "சீக்கிரம் சாவணும் மச்சான், செங்கல்பட்டு வண்டி வந்துடும்" என்பான்.

என்னிடம் இருப்பவை:
சாவு 01 – மூச்சு மட்டும்
02 – ஐயோ
03 – முனகல்
04 – அம்மா
05 – அம்மா (நீளம்)
06 – தண்ணிக்குள் விழுகிறவன்
07 – ஐயோ அம்மா
08, 09, 10, 11 – ஜப்பான்காரன். ஜப்பான் பாஷை தெரியாததால் வெறும் "ஆ"
12 – சத்தமே இல்லை, தொண்டையில் ஒரு சின்ன இது
13 – அம்மா (மெதுவாக)

ஒவ்வொன்றும் ஒன்றரை நொடி. அவ்வளவுதான். நடுவில் அவன் பேசியது, சிரித்தது, கீழே இருந்த என் அம்மாவிடம் டீ கேட்டுக் கத்தியது, எல்லாவற்றையும் வெட்டி அழித்தது நான். ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டுமாம். கம்பெனியில் என் வேலையும் அதுதானே, இன்ஸ்பெக்‌ஷன். கோணல் இருந்தால் சிவப்புப் பெட்டியில் போடு. பழக்கம். என்ன சுத்தமான கை எனக்கு! உயிரோடு இருந்ததை எல்லாம் கழித்துவிட்டுச் சாவை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இறங்கும்போது வாசற்படியில் கால் விரலை இடித்துக்கொண்டேன். "அம்மா!" தோசைக் கரண்டியோடு அம்மா ஓடி வந்தாள். "இன்னாடா ஆச்சு?" ஒன்றுமில்லை என்றேன். நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோசை தீய்ந்துவிட்டது.

21.11, புதன்

பி ஷிஃப்ட். மழை. கேஸ் புக் பண்ணியாச்சு. வேறு ஒன்றும் இல்லை.

22.11, வியாழன்

கடைசியில் துணிந்து ஒன்றைச் சாதிக் உம்மாவிடம் கொண்டு போனேன். 04. இருப்பதில் கொஞ்சம் சாதுவானது. போனில் ஏற்றி, இயர்போனோடு. வழியெல்லாம் வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்: இது நடிப்பும்மா, விளையாட்டுக்குக் கத்தினது, பயந்துடாதீங்க.

அவர் முக்காட்டை ஒதுக்கிக் காதில் வைத்துக்கொண்டார். கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"இது யாரோ."

"சாதிக்தாம்மா."

"தொண்ட அவனோடதா இருக்கும். ஆனா அவன் என்னை ஒரு நாளும் அம்மான்னு கூப்பிட்டதில்ல. இவன் வேற யாரையோ கூப்புடறான்."

இயர்போனைச் சுருட்டினேன். அப்புறம் அவரே சொன்னார், தரையில் ஏதோ பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டு:

"அங்க ரோட்டோரம் டீக்கடை வெச்சிருக்கறவரு வந்து சொன்னாரு. விழுந்ததும் ஒரு தடவ 'உம்மா'ன்னானாம். ஒரே தடவ. அந்த மனுசன் கேட்டுருக்காரு. பெத்தவ நான் இங்க உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருக்கேன். யாரோ ஒருத்தர் காதுல விழுந்தது என் காதுல விழலியேப்பா."

எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. வந்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர் "யோவ், ரோட்ல இன்னா தூக்கமா?" என்று திட்டிவிட்டுப் போனார்.

பதிமூன்றாவது. நான் வைத்திருக்கும் 13 இரண்டாவது தடவை பிடித்தது. முதலில் அவன் கத்தியது "உம்மா".

நான்தான் வேண்டாம் என்றேன். என் வார்த்தைகள் அப்படியே ஞாபகம் இருக்கின்றன: "பொதுவா இருக்கட்டும்டா. எல்லாருக்கும் அம்மாதானே." போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "சாவுறது நான்தானே மச்சான்? நான் சாவும்போது உன்னை மாதிரி கூப்புடணுமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்தேன். அப்புறம் நான் கேட்டபடியே கத்திக் கொடுத்தான். அன்று அது பெரிய விஷயமாகவே படவில்லை. சிவப்புப் பெட்டி, அவ்வளவுதான். அவன் வாயிலிருந்து அவன் அம்மாவைப் பிடுங்கிவிட்டு என் அம்மாவை வைத்திருக்கிறேன்.

ஆனால் சாதிக் லேசில் விடுகிறவனா? எனக்குத் தெரியாமல் முதல் டெஸ்ட் காப்பியில் பழையதையே போட்டிருந்தான். ஆடும்போது கேட்டு நான் சண்டை போட்டேன், அடுத்த காப்பியில் எடுத்தான். அந்த முதல் காப்பி இருந்தது ஒரே இடத்தில். பாபு அண்ணாவின் பிரவுசிங் சென்டர், நாங்கள் டெஸ்ட் ஆடும் நாலாம் நம்பர் மிஷினும் ஆறாம் நம்பர் மிஷினும்.

23.11, வெள்ளி

சிக் லீவ். பல்வலி என்று சொன்னேன், பொய்யும் இல்லை.

பிரவுசிங் சென்டர், மேற்குத் தாம்பரம், மாடி. ஷட்டர் பாதி இறங்கி இருந்தது. குனிந்து நுழைந்தேன். உள்ளே பாபு அண்ணா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"வா வா. இன்னா இவ்ளோ நாள் கயிச்சி? கடைய மூடறேன் நைனா. வூட்டுக்கு வூடு நெட் வந்துகினு கீது, இங்க எவன் வரான்? பத்து மிஷினும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரனுக்குத் தள்ளிட்டேன். நாளைக்கு மத்தியானம் வேன் வருது."

அப்புறம் குரலை இறக்கி: "அந்தப் பையன்... கேள்விப்பட்டேன். தங்கமான பையன்பா. மவுஸெல்லாம் கயட்டித் தொடச்சிக் குடுப்பான்."

கேம் இருக்கிறதா என்றேன். "கீது, கீது. நாலுலயும் ஆறுலயும் கீது. ஒரே ஸ்லோ, பேஜாரு, எவனும் தொடறதில்ல."

முதல் வேலையாக அதை அப்படியே காப்பி எடுத்துப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. சாதிக் பூட்டு போட்டிருக்கிறான். இந்தக் காப்பி இந்த இரண்டு மிஷினைத் தவிர வேறு எதிலும் ஓடாது. எவனாவது நம் கேமைத் திருடிவிடுவானாம்! "யார்டா திருடப் போறான்?" என்று நான் கேலி செய்ததும், "நாளைக்கு பெரிய ஆளாவோம் மச்சான், அப்ப அழுவே" என்று அவன் சொன்னதும். சத்தங்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறான், அந்த முடிச்சை அவிழ்க்க அவனுக்குத்தான் தெரியும். ஆறாம் நம்பரையாவது எனக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "பத்தா பேசி அட்வான்ஸும் வாங்கித் துன்னுட்டேன்பா. ஒண்ணு கொறஞ்சாலும் அவன் வாங்கமாட்டான்."

ஆக, கேட்க ஒரே வழி. ஆடிச் சாக வேண்டும். ஒவ்வொரு சாவுக்கும், எந்தப் பக்கத்து ஆளானாலும், பதிமூன்றில் ஏதோ ஒன்று வரும், எது வரும் என்று சொல்ல முடியாது. தானாகவும் சாக முடியாது. அந்தக் காப்பியில் கைக்குண்டு இன்னும் செய்யவில்லை, மேலிருந்து விழுந்தால் அடிபடாது. யாராவது சுட வேண்டும்.

நாலாம் நம்பரில் பாபு அண்ணா, ஆறில் நான், ஆளுக்கு ஒரு ஹெட்போன். நான் போய் ஆற்றங்கரை மணலில் நிற்பேன். அவர் அக்கரையிலிருந்து சுடுவார். முதலில் குஷியாகிவிட்டார். "இந்தா வாங்கிக்கோ! ஓடறியா? இந்தா இன்னொண்ணு!"

எட்டாவதோ ஒன்பதாவதோ விழுந்தபோது அவர் கை நின்றது.

"இன்னாபா இது, அந்தப் பையன் கொரல் மாதிரி கீது?"

"அவன்தான்."

மவுஸைத் தள்ளி வைத்துவிட்டார். "நான் சுடமாட்டேன். பாவம் புடிக்கும்."

எதற்காக என்று சொன்னேன். மவுஸை எடுத்தார். அதற்குமேல் 'இந்தா வாங்கிக்கோ' கிடையாது. ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சுட்டார்.

ஐயோ. அம்மா. முனகல். அம்மா. ஆ. ஐயோ. தண்ணீர். நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இருபத்து மூன்று, இருபத்து நாலு. ஒருவேளை இல்லையோ என்ற சந்தேகம். முப்பத்து ஒன்றாவது சாவில் வந்தது.

"உம்மா…"

அது முடிந்ததும் ஒரு நொடி சும்மா. தூரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயினின் ஹாரன். அப்புறம் அவனுடைய சாதாரணக் குரல், டீ குடிக்கும்போது பேசுவது மாதிரி: "ட்ரெயின்டா."

நான் கழித்ததால் இதை வெட்டவில்லை. வெட்டாததால் வால் அப்படியே இருக்கிறது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதேன். வெட்கமே இல்லாமல், விக்கி விக்கி. பாபு அண்ணா ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டார்.

வரும்போது வயர் ஒன்று வாங்கினேன். நாளை மிஷினிலிருந்து டேப்பில் பிடித்துவிடலாம். வீட்டு டேப் ரிக்கார்டர் வேலை செய்கிறது, அம்மாவின் பக்திப் பாட்டுக் கேசட் ஒன்றை அழிக்க வேண்டும், பரவாயில்லை. சாதிக் உம்மாவிடம் சொல்லிவிட்டேன். காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றார்.

24.11, சனி

நல்ல வெயில். பத்து நாளுக்கு அப்புறம் தெருவெல்லாம் துணி காய்கிறது.

சாதிக் உம்மா பத்துக்கு முன்பே வந்து கீழே நின்றிருந்தார். கறுப்பு புர்கா, கையில் அவனுடைய குடை. மாடிப்படியில் இரண்டு தடவை உட்கார்ந்தார். பாபு அண்ணா நாற்காலியைத் தன் சட்டைத் துணியாலேயே துடைத்துப் போட்டார்.

நான் பையிலிருந்து டேப்பையும் வயரையும் எடுத்தேன்.

"இது இன்னாது?"

"டேப்புல புடிச்சிக் குடுத்துடறேம்மா. அப்புறம் வீட்லயே எப்ப வேணா கேக்கலாம்."

"வேணாம்."

"அம்மா, மத்தியானத்தோட இந்த மிஷினெல்லாம் போயிடும். அழிச்சிடுவாங்க. அப்புறம் கெடைக்கவே கெடைக்காது."

"அதான் வேணாங்கறேன். கையில இருந்தா தெனமும் கேப்பேன். சமைக்கமாட்டேன், தொழமாட்டேன், கேட்டுகினே இருப்பேன். எனக்கு இன்னும் ஒரு பொண்ணு இருக்கு தம்பி. ஒரே தடவ கேட்டுட்டு போறேன். எடுத்து உள்ள வை."

உள்ளே வைத்தேன்.

எப்படி வரும் என்று விளக்கினேன். மற்றதெல்லாம் வரும், பயப்படாதீங்க என்றேன். ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். திரையில் ஆறு, வண்டலூர் மரங்கள். "இதுல நீ எங்க இருக்கே?" "என் கண்ணுதாம்மா இது. அந்தத் துப்பாக்கி தெரியுதே, அதுக்குப் பின்னாடி நான்." தலையாட்டினார். பாபு அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுட ஆரம்பித்தார்.

ஒவ்வொரு அலறலுக்கும் உம்மாவின் தோள் துள்ளியது. வாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. "நிறுத்தட்டுமாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டேன். ஓதுவதை நிறுத்தவில்லை. கோடு போடவில்லை இன்று. நாற்பதுக்கு மேல் இருக்கும். பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் எழுந்து, மணலுக்கு நடந்து, நின்று, சாக. எனக்கு விரல் மரத்துவிட்டது.

அப்போது வந்தது. "உம்மா…"

நான் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. கேட்டதோ சிரிப்பு. நிஜமான சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு.

"பொய்! இது பொய் வயித்துவலி. ஸ்கூலுக்கு மட்டம் போடறதுக்கு பாய்ல உருண்டுகினு இப்படித்தான் கூப்புடுவான். எனக்குத் தெரியாதா? அதே திருட்டுக் கொரல்…"

சொல்லி முடிப்பதற்குள் ஹாரன் கேட்டது. அப்புறம் அவன்.

"ட்ரெயின்டா."

சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பீக்கரின்மேல் கையை வைத்தார், சூடு பார்ப்பது மாதிரி.

"வந்துட்டான்" என்றார்.

கீழே வேன் ஹாரன், இரண்டு தடவை. இன்ஸ்டிட்யூட்காரர். பாபு அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் போய் அவன நிறுத்தி வைக்கறேன், பத்து நிமிஷம் நீங்க இருங்க" என்று கீழே ஓடினார்.

போகலாமா என்று நான் எழுந்தேன். அவர் எழுந்து போனது வாசலுக்கு இல்லை. சுற்றிக்கொண்டு நாலாம் நம்பருக்குப் போய் பாபு அண்ணா நாற்காலியில் உட்கார்ந்தார். குடையை மேசைமேல் வைத்தார்.

"எத அமுக்கணும்?"

"அம்மா…"

"இன்னும் ஒரு தடவ தம்பி. எது, இதா?"

"இடது பக்கம்" என்றேன்.

புர்காக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மவுஸைப் பிடித்தார். அம்மியைப் பிடிப்பது மாதிரி, முழுக் கையாலும். திரைக்கு மிக அருகில் முகம். நான் உட்கார்ந்து, என் ஆளை மணலுக்கு நடத்திப் போனேன். முதல் குண்டு மரத்தில். அடுத்தது தண்ணீரில். அவருக்குக் குறிபார்க்கத் தெரியவில்லை, நானாக இரண்டடி முன்னால் வந்து நின்றேன்.

"ஓடாத, அங்கேயே நில்லு ராசா" என்றார், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

நின்றேன்.